கஸ்பார் வீட்டுக்குப் போன தூம்பா

எங்கள் பங்குக் கோயிலில் ஆண்டவருக்கென்று ஒரு தூம்பா, பாடை மாதிரித் தூக்குகிற மரமஞ்சம், உண்டு. பெரிய வெள்ளி அன்று சிலுவையிலிருந்து இறக்கிய சுரூபத்தை அதில் கிடத்தி, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் தெருவைச் சுற்றி வருவோம். ஊர்ச் சாவுக்கு வேறு தூம்பா. அது கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் மழையும் வெயிலும் பட்டுக் கிடக்கும். ஆண்டவருடையது தேக்கு. அதைத் துடைப்பதற்குக்கூட எல்லாரையும் விடமாட்டோம்.

முன்பக்கம் வலது தோள் தொம்மையுடையது. அவர் அப்பா தூக்கினார், அதற்கு முன்னால் தாத்தா தூக்கினார். நான் பின்பக்கம் இடது. தூக்குகிறவர்கள் தவக்காலம் முழுக்கக் கறியும் சாராயமும் தொடமாட்டோம். பெரிய வாரத்தில் சாவு வீட்டுக்குப் போகமாட்டோம். போனவன் அந்த வருஷம் தூம்பாவைத் தொடக்கூடாது. இது வேதத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனால் மீறிப் பார்க்க ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது.

தொம்மை சும்மா தூக்குகிற ஆள் இல்லை. பங்குச்சாமியார் சேசுபாலனுக்கும் அவருக்கும் ஒரே வயசுதான், இருந்தாலும் சாமியைக் குருவாகவே வைத்திருந்தார். சாயங்காலமானால் கோயில் படியில் உட்கார்ந்து ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார். சாமி பாதிக் கேள்விக்குப் பதில் சொல்வார். மீதிக்கு, போய் அந்த மாதா கெபியைக் கழுவும் என்பார். தொம்மையும் போய்க் கழுவுவார். அன்பியக் கூட்டத்தில் அவர் செபமாலை சொன்னால் பொம்பளைகளுக்குக் கண் கலங்கிவிடும். ஊரில் எல்லார் பெயரையும் சொல்லி மன்றாடுவார். தம்பி கஸ்பார் பெயரை மட்டும் சொல்லமாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. தொம்மையின் ஒரே மகன் இஞ்ஞாசி சித்தப்பனோடுதான் கடலுக்குப் போவான். ஒரு கச்சான் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. கவிழ்ந்த வள்ளத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையனைப் பிடித்துக்கொண்டு கஸ்பார் கிடந்திருக்கிறான். மறுநாள் பக்கத்து ஊர் வள்ளம் போனபோது கஸ்பார் மட்டும்தான் இருந்தான்; பையனைப் பிடித்திருந்ததை மட்டும் அவர்களிடம் சொன்னான். இஞ்ஞாசியின் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை.

கரைக்கு வந்த கஸ்பார் பிறகு என்ன நடந்தது என்று அண்ணனிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. அப்புறம் அவன் கடலுக்கும் போகவில்லை. குடித்தான். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, வயிறு வீங்கிப் படுத்தான்.

பெரிய வியாழன் மத்தியானம் அவன் மனைவி கிதேரி வந்து சாமியை அழைத்துப் போனாள். சாமி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஊரே யோசித்தது. சாயங்காலப் பூசை முடிவதற்குள் கஸ்பார் போய்விட்டான்.

சாவதற்கும் ஒரு நாள் பார்த்துச் சாகவேண்டும் போலிருக்கிறது. பெரிய வெள்ளிக்குப் பூசை கிடையாது, மணி கிடையாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டுவோம். மூணு மணி வழிபாட்டுக்கு முன்னால் அடக்கத்தை முடிக்கவேண்டும். ஐஸ் வைத்தாலும் அந்த வெயிலில் அந்த உடம்பு தாங்காது.

வெள்ளிக்கிழமை காலையில் கிதேரி தொம்மை வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. அத்தான் ஒரு தோள் கொடுக்கவேண்டும், அதைத் தவிர அவர் அங்கே எதற்கும் வரவேண்டாம் என்று மட்டும் கேட்டாள். தொம்மை உள்ளே திரும்பித் தன் மனைவி பிலோமியைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் அத்தான், விடியும்போதே வந்துவிட்டாள் என்றாள் கிதேரி.

தொம்மை நேராகக் கோயிலுக்கு வந்தார். தூக்குகிற மற்ற மூன்று பேரும் ஆண்டவருடைய தூம்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சாமி பக்கத்தில் நின்றார்.

"சாமி, தூம்பா தூக்குறவன் பெரிய வாரத்துல சாவு வீட்டுக்குப் போகலாமா?"

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். "உம்ம கேள்வி இதுதானா?"

"இதுதான் சாமி. எங்க அப்பா போனதில்ல. தாத்தா போனதில்ல. முறையை நான் கெடுக்கலாமா?"

எனக்குக் கோபமாக வந்தது. போகக்கூடாது என்று சாமி வாயாலேயே சொல்லிக் கேட்கவேண்டும் அவருக்கு; அதற்குத்தான் அந்தக் கேள்வி. வெளியே பார்த்தால் பக்தி மாதிரி இருந்தது.

சாமி எங்கள் பக்கம் திரும்பி, தூம்பாவை எடுத்துக்கொண்டு கஸ்பார் வீட்டுக்குப் போகச் சொன்னார். எங்களுக்குக் கை ஓடவில்லை. சாமியே குனிந்து ஒரு பக்கம் பிடித்தார்.

"சாமி, அது ஆண்டவர் படுக்கிற இடம்," என்றார் தொம்மை.

"அவருக்கு மூணு மணிக்குத்தான் வேணும்."

தூக்கிக்கொண்டு நடந்தோம். தெருவில் முணுமுணுத்தார்கள். சாமி யாரையும் பார்க்கவில்லை. தொம்மை பின்னாலேயே வந்தார். தம்பிக்காக வந்தாரா தூம்பாவுக்காக வந்தாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கஸ்பார் வீட்டு முற்றத்தில் சாமி செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். சவப்பெட்டியை மூடித் தூம்பாவின் மேல் வைத்தோம். ஐஸ் தண்ணீர் தேக்கின் மேல் ஒழுகியது. துடைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிலோமி பெட்டியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மகனுக்காக அழுதாளோ கொழுந்தனுக்காக அழுதாளோ, கண் மட்டும் வீங்கியிருந்தது.

நாங்கள் மூன்று பேரும் அவரவர் இடத்தில் நின்றோம். முன்பக்கம் வலதில் ஆள் இல்லை. அந்தத் தெருவில் ஆம்பளைகளுக்குப் பஞ்சமில்லை. தொம்மை நிற்கும்போது அந்த இடத்துக்கு வர எவனும் துணியவில்லை. சாமியும் யாரையும் கூப்பிடவில்லை.

தொம்மை வேலியருகே நின்றவர் இரண்டு எட்டு உள்ளே வந்தார்.

"என் பிள்ளைக்கு ஒரு குழிகூட இல்ல சாமி. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரியோட போறாங்க. நானும் அவளும் திரியை வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம கடற்கரையில நிப்போம். காத்துல அது எரியவும் செய்யாது. இவனுக்கு மட்டும் ஆண்டவர் தூம்பாவா?"

சாமி தீர்த்தச் செம்பைக் கீழே வைத்தார்.

"காலையில கேட்டது என் கேள்வி இல்ல. இப்பக் கேக்குறேன். நேத்து உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பான். இவன் என் பிள்ளை கையை விட்டானா, இல்ல கை நழுவிச்சா?"

கிதேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அது தெரியாது. அவனோடு அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டது என்னோட குழிக்குள்ளதான் போகும், தொம்மை."

"தெரியும். கேக்கக்கூடாதுன்னும் தெரியும். நீங்க வாயைத் திறக்கவேண்டாம். நழுவிச்சுன்னு தலையை மட்டும் ஆட்டுங்க. இந்த நிமிஷமே வந்து தூக்குறேன்."

எல்லாரும் சாமியின் தலையையே பார்த்தோம். பிலோமியும் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கே மனசு கிடந்து தவித்தது. ஒரு தலையசைப்பு, பொய்யாகவாவது செய்துவிட்டால் என்ன? இரண்டு குடும்பம் நிம்மதியாகத் தூங்கும்.

சாமியின் தலை அசையவில்லை. அந்தப் பக்கமும் அசையவில்லை, இந்தப் பக்கமும் அசையவில்லை. அவர் நெற்றியில் வேர்த்து வழிந்தது. கோயில் பக்கம் மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. அது நின்றபிறகு பேசினார்.

"நழுவியிருந்தா அவனுக்கு எந்தத் தோளும் போதும், தொம்மை. விட்டிருந்தாத்தான் உம்ம தோள் வேணும்."

தொம்மை கொஞ்சநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து தன் இடத்தில் குனிந்தார்.

கல்லறைத் தோட்டம் வரைக்கும் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் பின்னால் இருந்த எனக்குக் கேட்டது. அவர் அழவில்லை.