தவசிமுத்துவின் கணினியில் மட்டும்

தவசிமுத்து ஒரே ஒரு வரி கேட்டு வந்திருந்தார்.

"சாயங்காலம் செயற்குழு கூடுது டீச்சர். கம்பெனிக்காரன் வாரான். அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில சொல்லுங்க. துண்டறிக்கைக்குத் தலைப்பு வேணும்."

ஜெசிந்தா டீச்சர் பழைய கணினி ஒன்றின் வயிற்றைத் திறந்து தூசி ஊதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

தூத்துக்குடியில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில் இருந்தது டீச்சரின் பயிற்சி அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை நடுங்கும். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளைத் தவிர வேறெதுவும் அந்த மாடிப்படி ஏறியதில்லை. படிக்க வருகிறவர்களிடம் டீச்சர் காசு வாங்குவதில்லை. கற்றதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அதுதான் கட்டணம்.

அந்தக் கட்டணத்தைத் தவசிமுத்து இன்னும் கட்டவில்லை. போராட்டக்காரனுக்கு நேரம் ஏது?

உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் நரைத்த மனிதர் அவர். பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்பிலேயே கைவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையிலும் குறுநூலிலும் படித்தது. அவர் முதல் வேலைநிறுத்தத்துக்குக் கொடி பிடித்தபோது டீச்சர் பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் தவசிமுத்துவுக்கு அவர் டீச்சர். டீச்சருக்கு இவர் அண்ணாச்சி.

அவரை இந்த மாடிக்கு ஏற்றிவிட்டதும் ஒரு கம்பெனிதான். பெரிய கம்பெனி. அவர்களுடைய வானிலைச் செயலியை நம்பி உப்பளம் முழுக்க இருந்தது. ஒரு காலையில் எல்லார் கைப்பேசியிலும் செய்தி வந்தது: இந்தச் சேவை நிறைவடைகிறது, எங்களோடு பயணித்தமைக்கு நன்றி. அந்த வாரமே கோடைமழை. வரப்பில் குவித்திருந்த உப்பு அம்பாரங்களை மூட யாருக்கும் தகவல் வரவில்லை. உப்பு கரைந்து, வந்த வழியே கடலுக்குப் போயிற்று.

"நன்றியாம்ல!" என்று காறித் துப்பிவிட்டுத்தான் தவசிமுத்து படியேறினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்றார். 'மழைக்குரல்' எழுதினார். மேகம் திரண்டால் அந்த மென்பொருள் உப்பளத்துக் கைப்பேசிகளையெல்லாம் தானாகவே அழைக்கும். எடுத்தால், தவசிமுத்துவின் மேடைக்குரல் முழங்கும்: "தோழர்களே! மழை வருது! அம்பாரத்தை மூடுங்க!"

எழுதியதை ஒளித்துவைக்கவில்லை. மூலநிரல் முழுவதையும் இணையத்தில் போட்டார். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பரப்பலாம்.

இப்போது இன்னொரு கம்பெனி வந்திருக்கிறது. எல்லாம் இலவசம் என்கிறது. சங்கத்திலும் பாதிப்பேர் சரி என்கிறார்கள். இன்றைக்குக் கைகள் அந்தப் பக்கம் உயர்ந்தால் மழைக்குரல் ஊமையாகிவிடும்.

"தூண்டில்ல மாட்டின புழுவும் மீனுக்கு இலவசந்தான்" என்றார் தவசிமுத்து. "இதைத் தலைப்பாப் போடலாமா?"

"நல்லாருக்கு."

"மூலநிரலைப் பூட்டுறவன் நாளைக்கு மழையையும் பூட்டுவான். இது?"

"இதுவும் நல்லாருக்கு."

"நல்லாருக்கு நல்லாருக்குன்னா எப்படி? வித்தியாசத்தைச் சொல்லுங்க."

டீச்சர் கணினியின் மூடியைப் போட்டுத் திருகாணியை முடுக்கினார்.

"வேதாரண்யம் சங்கம் என்ன ஆச்சு அண்ணாச்சி?"

தவசிமுத்துவின் முகம் புளித்தது.

"அதை ஏன் கேக்கீய? கம்பெனி பக்கம் போயிட்டாங்க. அதைக் காட்டித்தான் நம்ம ஆளுகளையும் இழுக்கான். நம்ம மாதிரியே உப்புல வெந்த சனம். சொந்தக்காரன் சமைச்சு வச்சிருக்க, ஓட்டலுக்குப் போயிட்டாங்க. துரோகம்!"

"நம்ம சமையலைத் தின்னு பாத்தாங்களா?"

"பாத்திருப்பாங்க. அங்க கலைவாணின்னு ஒரு பொண்ணு, ஏற மாட்டேங்குதுன்னு என்னமோ எழுதிக் கேட்டுச்சு."

"நீங்க என்ன பதில் போட்டீய?"

"எல்லாம் திறந்தே இருக்கு, படிச்சுக்கோங்கன்னு போட்டேன். நான் என்ன காலேஜு போயா படிச்சேன்? திறந்த கதவுக்கு முன்னால நின்னுக்கிட்டு சாவி கேட்டா எரிச்சல் வருமா வராதா?"

டீச்சர் அந்தப் பழைய கணினியை அவர் முன்னால் நகர்த்தினார்.

"இது வெறும் மெஷின். நேத்துத்தான் வந்துச்சு. இதுல மழைக்குரலை ஏத்துங்க."

"இப்பவா?"

"இணையத்துலேர்ந்து எடுத்து ஏத்துங்க. எல்லாரும் எடுக்கிற மாதிரி."

தவசிமுத்து சிரித்தார். பெற்ற தகப்பனிடமே பிள்ளையின் பெயரைக் கேட்பதுபோல இருந்தது அவருக்கு. சட்டைக் கையை மடக்கிவிட்டு உட்கார்ந்தார். தட்டினார். வரிகள் விறுவிறுவென இறங்கின. "பாருங்க, எப்படி வருதுன்னு" என்றார்.

வரிகள் நின்றன. கடைசி வரி சிவப்பாக வந்தது.

தவசி வீட்டில் 'குரல்' அடைவு காணப்படவில்லை.

மறுபடி தட்டினார். மறுபடி சிவப்பு.

கீழே ஐஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியது. தரை நடுங்கியது.

"அது ஒண்ணுமில்ல டீச்சர். நான் பேசிப் பதிவு பண்ணின குரல். அது என் மெஷின்ல, 'தவசி வீடு'ங்கிற என் அடைவுக்குள்ள, அதான் ஃபோல்டருக்குள்ள இருக்கு. அங்கதான் போய் எடுக்கணும்னு நிரல்ல எழுதிட்டேன். என் மெஷின்ல ஓடும்."

"சரி."

"நிஜமாத்தான். என் மெஷின்ல ஒரு நாள் நின்னதில்ல."

"சரி அண்ணாச்சி."

தவசிமுத்து சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் இரண்டு டம்ளரில் தேநீர் ஊற்றி, ஒன்றை அவர் பக்கம் வைத்தார்.

"பெரிய வேலைநிறுத்தத்துல உங்களைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சாமே?"

"ஆமா. அச்சு மெஷினையும் சேத்துல்லா தூக்கிட்டுப் போனான்." அந்தப் பேச்சு வந்தால் அவர் நெஞ்சு தானாக நிமிரும். இப்போதும் நிமிர்ந்தது.

"அப்போ துண்டறிக்கை நின்னுபோச்சு."

"யாரு சொன்னா? மறுநாளே வந்துச்சு! முத்தையாபுரத்துல அச்சடிச்சான், ஆறுமுகநேரியில அச்சடிச்சான். நான் உள்ள இருக்கேன், வெளிய என் அறிக்கை சுத்துது. இன்ஸ்பெக்டர் என்கிட்டயே வந்து, 'எப்படிய்யா இது?'ன்னு கேக்கான்."

"எப்படி அது?"

"பின்ன? மை கூட்டுறது, தாள் கொடுக்கிறது, உருளையை ஓட்டுறது, எல்லாத்தையும் நாலு ஊருக்காரனுக்குப் பக்கத்துல உட்காத்தி வச்சுல்லா சொல்லிக் கொடுத்திருந்தேன். கையைப் பிடிச்சு..."

தவசிமுத்துவின் கண் சிவப்பு வரிக்குப் போயிற்று.

தேநீர் ஆறியது. டீச்சர் தம்முடையதைக் குடித்து முடித்தார்.

தவசிமுத்து கைப்பேசியை எடுத்தார். வேதாரண்யத்து எண்ணைத் தேடி அழைத்தார்.

"கலைவாணித் தோழரா? தூத்துக்குடியிலேர்ந்து தவசிமுத்து பேசுதேன்."

"எந்தத் தவசிமுத்து? எல்லாம் தொறந்தே இருக்கு, படிச்சுக்கங்கன்னு எழுதுனாரே, அந்தத் தோழரா?"

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவனேதான்."

"சொல்லுங்க. இன்னும் எதைப் படிக்கணும்?"

"நீங்க ஒண்ணும் படிக்க வேண்டாம். அன்னைக்கு உங்க திரையில என்ன விழுந்துச்சுன்னு சொல்லுங்க. நான் படிக்கேன்."

அந்தப் பக்கம் கணினி மேசையின் நாற்காலி இழுபடும் சத்தம்.

"தவசி வீட்டுல குரல் இல்லன்னு வந்துச்சு தோழர். தவசின்னா யாரு, அவரு வூட்டுக்கு நாங்க ஏன் போவணும்னு இங்க எல்லாரும் சிரிச்சாங்க. கம்பெனிக்காரரு ஒரு பட்டனைத் தட்டச் சொன்னாரு. தட்டிட்டோம்."

"சிரிச்சது சரிதான். தப்பு என்னுது. தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டு இருங்க தோழர், உங்க குரல் வேணும்."

அந்தத் தப்பு ஒற்றை வரி. அதைத் திருத்த அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் கற்றுக்கொடுக்க மதியம் முழுவதும் ஆயிற்று. எங்கே எதைத் தட்ட வேண்டும், குரலை எப்படிப் பதிவுசெய்ய வேண்டும், எண்களை எங்கே சேர்க்க வேண்டும் என்று தவசிமுத்து சொல்லச் சொல்ல அந்தப் பெண் செய்தாள். அவள் குறுக்குக்கேள்வி கேட்ட இடங்களில் இவருக்கே பதில் தெரியவில்லை. தேடிச் சொன்னார். ஓர் இடத்தில் அவள், "இதை இப்படி எழுதுனா இன்னும் சுருக்கமா வருமே தோழர்?" என்றாள். தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. பார்த்தார். வரத்தான் செய்தது. "மாத்துங்க" என்றார். பிறகு தம்முடைய செயற்குழுவினரின் எண்களையும் கூட்டம் நடக்கும் நேரத்தையும் அவளிடம் கொடுத்தார்.

கைப்பேசியைக் கீழே வைத்தபோது அவர் காது சூடாகியிருந்தது.

"கட்டணம் வந்துருச்சு" என்றார் டீச்சர்.

"சரி, இப்பவாவது சொல்லுங்க. கூட்டத்துல நான் என்ன வித்தியாசம்னு சொல்ல?"

"வீட்டுக்குப் போய் உங்க மெஷினைக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு? அங்க கரண்டு பாயிண்டு கூடச் சரியா கிடையாது."

"கழட்டித்தான் எடுத்துட்டு வரச் சொல்லுதேன்."

டீச்சர் சொன்னதை அதற்கு மேல் எதிர்த்துப் பேசாமல் தவசிமுத்து செய்தது அதுவே முதல்முறை.

சங்கக் கட்டடத்தில் செயற்குழு கூடியிருந்தது. உப்பேறிய பாதங்களைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கடைசி வரிசையில் இருந்தார். கம்பெனியிலிருந்து வந்தவர் இளைஞர், நல்ல மரியாதைக்காரர். கெட்டவர் யாரும் கம்பெனிக்காகப் பேச வருவதில்லை என்பது தவசிமுத்துவுக்குப் பழகிய விஷயம்தான். செயற்கைக்கோள் படம் காட்டினார். வண்ணம் வண்ணமாக மேகம் காட்டினார். வேதாரண்யம் சங்கம் தங்களோடு சேர்ந்துவிட்டதையும் மறக்காமல் சொன்னார். பலர் தலையாட்டினார்கள்.

தவசிமுத்து கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மின்கம்பியை அதன் மேலேயே சுற்றியிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, வீட்டைக் காலி பண்ணிட்டீயளா?" என்று ஒருத்தி கேட்டாள். பெஞ்சுகள் சிரித்தன.

"மதினி கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டாங்க போல" என்றார் இன்னொருவர்.

தவசிமுத்து அதை மேசை நடுவில் வைத்தார். மேடையேறினால் மணிக்கணக்காகப் பேசுகிறவர், ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார். துண்டறிக்கைக்கு எழுதியது சட்டைப்பையிலேயே இருந்தது.

"இது யாரு, மழைக்குரல் மெஷினா?" என்றார் தலைவர் சண்முகக்கனி. "இதைக் கழட்டிட்டா மழைக்கு யாருய்யா கூப்பிடுவா?"

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. எடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவளுடையது அடித்தது. அப்புறம் அடுத்த பெஞ்சு. அப்புறம் அறை முழுக்க.

சண்முகக்கனி காதில் வைத்தார். தவசிமுத்துவின் முழக்கத்தைக் கேட்டே பழகியவர் என்பதால் கைப்பேசியைச் சற்றுத் தள்ளித்தான் பிடித்தார்.

முழக்கம் வரவில்லை. ஒரு பெண்குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வதுபோல.

"தூத்துக்குடித் தோழருங்களா? வேதாரண்யத்துலேந்து பேசுறோம். இது சும்மா சோதனைதான். நெசமா மழை வந்தாலும் கூப்புடுவோம். உப்ப மூடி வச்சுக்குங்க."

அறையில் சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. "அண்ணாச்சி தொண்டையை விட இது எவ்வளவோ தேவலை!" என்றாள் முன்பு கேலி செய்தவள். எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். சுற்றிய கம்பியோடு கணினி சும்மா கிடந்தது.

கம்பெனி இளைஞரும் பார்த்தார். அவர் முட்டாள் அல்ல.

"ரொம்ப நல்ல முயற்சி சார்" என்றார். "ஆனா ஒரு கேள்வி. இவ்வளவு நாள் உங்களை நம்பி இருந்தது. இப்போ வேதாரண்யத்தை நம்பி இருக்கு. நாளைக்கு அவங்களும் அணைச்சுட்டா? எங்களை நம்புறதுக்கும் அவங்களை நம்புறதுக்கும் என்ன வித்தியாசம்?"

காலையில் தவசிமுத்து கேட்ட அதே கேள்வி. அவரிடம் புழு இருந்தது, தூண்டில் இருந்தது, பூட்டு இருந்தது. ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க."

ஜெசிந்தா டீச்சர் எழுந்தார்.

"தம்பி, அண்ணாச்சி அவருடையதைக் கழட்டிக் கொண்டாந்து மேசையில வச்சுட்டாரு. நீங்களும் உங்க கம்பெனி மெஷினைக் கழட்டிக் கொண்டாந்து பக்கத்துல வைங்க. அதுக்கப்புறம் எது கூப்பிடுதுன்னு பாத்துட்டு நாங்க கை தூக்குதோம்."