பெல்டன் துரை மறித்த வழி

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னே அமெரிக்கா தேசத்தில் பெல்டன் என்று ஒரு முதலாளி இருந்தான். சட்டைப் பொத்தான் ஆலை வைத்துக் கொழுத்தவன். அவன் பேரைச் சொன்னாலே எனக்கு நாக்குக் கசக்கிறது. சொல்லித் தொலைக்கிறேன், கேளுங்கள்.

நகரத்துப் புகை அவனுக்குப் பிடிக்கவில்லை. புகை விட்டதே அவன் ஆலைதான். தொலைவில் ஒரு குன்றை வாங்கினான். முப்பது அறையில் மாளிகை, வாத்து நீந்தக் குளம். அவன் காசு, கட்டிக்கொள்ளட்டும். ஆனால் குன்றின் மேலே ஊர்வழி ஒன்று போனது. வண்டி போனால் புல்தரை கெடுகிறதாம். வழியை மறித்துக் கல்மதில் எழுப்பினான். ஊர் ஆறு மைல் சுற்றியது.

மாவு மில்காரன் வந்து கேட்டான். "பத்திரம் என் பேரில் இருக்கிறது" என்றான் பெல்டன்.

பாதிரியார் வந்து கேட்டார். "பத்திரம் என் பேரில் இருக்கிறது."

மருத்துவச்சி டார்கஸ் வந்தாள். எழுபது வயசுக்காரி. அவளுக்கும் அதே பத்திரம்.

"பிரசவ வலிக்குப் படிக்கத் தெரியாதே, துரை" என்றாள்.

நாயை அவிழ்த்துவிட்டான்.

மார்கழியில் மூன்று நாள் பனி கொட்டியது. இடுப்பளவு. அந்த ஊரில் ஒரு வழக்கம். பனி ஓய்ந்ததும் ஒருவன் எருது பூட்டி, கனத்த மரக்கட்டையை இழுத்து வழி திறப்பான். அடுத்த வீட்டு எருது ஜோடி முன்னால் சேரும். வீட்டுக்கு வீடு வரிசை நீளும்.

பனி ஓய்ந்த அன்றைக்குப் பெல்டன் மனைவிக்கு வலி கண்டது. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. பழைய ஊர்வழியைத் திறந்தபடி இருபது ஜோடி எருது மதில்வரை வந்து நின்றது. பின்னால் டார்கஸ்.

பெல்டன் மதில்மேல் ஏறிக் கத்தினான். "மருத்துவச்சியை அனுப்புங்கள். கேட்டதைத் தருகிறேன்."

"மதிலை இழுத்துத் தள்ளட்டுமா?" என்றான் எருதுக்கார ஆமோஸ்.

யோசித்தான், பாவி. உள்ளே பெண்டாட்டி கதறுகிறாள், இவன் கல்லைத் தடவுகிறான். "இது வெளியூர்க் கல்லாச்சே..."

டார்கஸ் காத்திருக்கவில்லை. ஆமோஸ் தோளில் ஏறி, மதில் தாண்டிப் பனியில் விழுந்து, எழுந்து போனாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

வெளியே வந்தவள் பெல்டனை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆமோஸைக் கூப்பிட்டாள். "குன்றுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்திக்கும் பிரசவ நாள் வந்துவிட்டது. எருது வராமல் அங்கே வழி திறக்காது. மாட்டுடா சங்கிலியை."

நாற்பது எருது இழுத்தது. மதில் சரிந்தது. பெல்டன் தானே ஒதுங்கி வழிவிட்டான். குறுக்கே நின்றிருந்தால் அவனையும் சேர்த்துக் கட்டி இழுத்திருக்க வேண்டும்.

புத்தியில் வைத்துக்கொள்ளுங்கள்: ஊரே நடந்த வழியை, எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் ஒருவன் தனதாக்க முடியாது.