உடைந்த ஊசியும் கிழிந்த கையும்

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கடைசி வரை கேளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. காலையில் நர்ஸம்மா வந்து எய்ட்ஸ் தடுப்புப் பாடம் எடுத்தார். "ஒருத்தருக்குக் குத்தின ஊசியை இன்னொருத்தருக்குக் குத்தாதீங்க. கிருமி உள்ளவங்க ரத்தம் காயத்துல பட்டா, உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க, மருந்து இருக்கு. யார் ரத்தமோ, அவங்க சம்மதிச்சா அவங்களையும் சோதிப்பாங்க. கிருமி இல்லேன்னா மருந்தை நிறுத்திடுவாங்க" என்றார். பையன்கள் வாயைப் பொத்திச் சிரித்ததில் பாதி யார் காதிலும் விழவில்லை.

மாலையில் கபடி அணித் தலைவன் பேச்சிமுத்து பச்சை குத்தும் ஊசியோடு மைதானத்து மூலையில் நின்றான். அணி முழுவதற்கும் கையில் புலி, ஒரே ஊசி. உடம்பெல்லாம் வீரம், மூளைக்கு மட்டும் லீவு. முதலில் வந்தவர்கள் தவமணியும் அவன் சிநேகிதன் எபனேசரும். தவமணிக்குப் பிறக்கும்போதே தொற்றிய எச்.ஐ.வி.; தினமும் மாத்திரை போடுகிறான். பள்ளியில் அது எபனேசருக்கு மட்டும்தான் தெரியும்.

பேச்சிமுத்து தவமணியின் கையை இழுத்தான். தனக்குக் குத்தினால் அதே ஊசி அடுத்தவனுக்கும் போகுமே! தவமணி அதைப் பிடுங்கி மிதித்து உடைத்தான். காரணம் சொல்லவில்லை.

"பயந்தாங்கொள்ளிப் பயலே!"

பேச்சிமுத்துவின் குத்து தவமணியின் வாயில் விழுந்தது. பல் உடைந்து, குத்தியவன் விரலையே கிழித்தது. அப்போதும் ஆத்திரம் அடங்காமல் அதே கையால் மறுபடி மறுபடி குத்தினான். விழுந்தவனை விலாவில் உதைத்தான். குறுக்கே பாய்ந்த எபனேசருக்கும் மூக்கு உடைந்தது. பேச்சிமுத்துவின் கையில் இப்போது மூன்று பேர் ரத்தம்.

எபனேசர் அந்தக் கையைப் பிடித்துக் கத்தினான்: "எனக்கு எச்.ஐ.வி. இருக்குலே! ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

பச்சைப் பொய். சிநேகிதனின் ரகசியமும் தப்பும், அடித்தவனும் மருந்துக்குப் போவான் என்று நினைத்தான்.

தரையில் கிடந்த தவமணி ரத்தத்தைத் துப்பினான். "அவன் பொய் சொல்லுதான். இருக்கது எனக்கு."

வெளியே தெரிந்தால் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார ஆள் இருக்காது. அந்த ரகசியத்தைத் தன் பல்லை உடைத்தவனிடமே கொடுத்துவிட்டான்.

சிநேகிதனுக்காகப் பொய் சொன்ன எபனேசர், அடித்தவனுக்காக உண்மை சொன்ன தவமணி: இதில் யார் செய்தது சரி?

விடை: தவமணி. எபனேசர் தங்கமான பையன்தான், ஆனால் பாடத்தில் பாதியைக் கோட்டைவிட்டான். அவனைச் சோதித்தால் கிருமி இருக்காது, மருந்தை நிறுத்திவிடுவார்கள், தவமணியின் ரத்தம் பட்ட காயம் மருந்தில்லாமல் நிற்கும். மூவரும் ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கை எப்படிக் கிழிந்தது என்று அணிப் பையன்கள் கேட்டபோது, "கதவு இடிச்சிட்டு" என்றான் பேச்சிமுத்து. இன்றுவரை அதையேதான் சொல்கிறான்.