கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள்

பாளையங்கோட்டை அற்புதமணி குடும்பத்தைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். இவ்வளவும் அதனால்தான் வந்தது.

லண்டனில் இருக்கும் மகன் ஆல்வினுக்கு அன்று மதியம் இரண்டு மணிக்கு டிரைவிங் டெஸ்ட். ஏற்கெனவே நாலு தடவை கோட்டை விட்டவன். இந்தத் தடவையாவது தேற வேண்டுமே என்று, ஊரிலிருந்து பார்க்க வந்திருந்த அம்மா லில்லிபுஷ்பம் நேர்ந்துகொண்டாள். இரண்டு மணிக்குள், ரயிலில் போகிற தூரத்திலிருக்கும் வில்ட்பரி ஊரின் பெரிய கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். எண்ணூறு வருஷத்துக் கோயில் என்றால் சும்மாவா? புருஷன் அற்புதமணியும் தம்பி ஜெபமணியும் கூடக் கிளம்பினார்கள்.

ரயில் ஏற்றிவிடும்போது ஆல்வின் சொன்னான்: "அங்க போனதும் கோயில் கோபுரம் தெரியும். அதை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. தொலையவே மாட்டீங்க."

எடுக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து மூவரும் அண்ணாந்தபடியே நடந்தார்கள். ஜெபமணி ஒரு தபால்பெட்டியில் மோதி, அதனிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டான். புல்தரையில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தபோதும் யாரும் தலையைக் குனியவில்லை. பாதி சாதம் வாய்க்குப் போனது, மீதி அற்புதமணியின் கோட்டுப் பைக்குப் போனது.

சிக்கல் கோயில் வாசலில் வந்தது. படியில் கால் வைத்த லில்லிபுஷ்பம் சட்டென்று பின்வாங்கினாள்.

"ஏங்க, உள்ள போனா கோபுரம் தெரியாதே."

"தெரியாதுதான்," என்றார் அற்புதமணி. "தொலைஞ்சிருவோம்."

"நான் வெளிய நின்னு உங்க ரெண்டு பேருக்கும் சேத்துப் பாக்கட்டுமா அத்தான்?" என்றான் ஜெபமணி.

"நீ பாத்தா நீ தொலைய மாட்டே. எங்க கதி என்ன?"

நியாயமான கேள்விதான். அதற்குள் மணி ஒன்றே முக்கால். விட்டால் பிள்ளை ஐந்தாவது தடவையும் தோற்றுவிடுவான். நல்லவேளை, வாசலோரக் கடையில் கோபுரப் படம் போட்ட அட்டை தொங்கியது. ஒன்றை வாங்கி, மூன்று பேரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அதை மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். வழியில் இரண்டு தூண்களில் மோதினார்கள். கல்லறைமேல் கல்லாய்ப் படுத்திருந்த ஒரு பிஷப்பிடமும் ஜெபமணி மன்னிப்புக் கேட்டான்.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் லில்லிபுஷ்பம் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டாள். அதே தீயில் அட்டையும் பற்றிக்கொண்டது. அற்புதமணி மிதித்து அணைப்பதற்குள் கோபுரம் சாம்பல்.

"போச்சு," என்றார் அவர். "தொலைஞ்சுட்டோம்."

மெழுகுவர்த்தித் தட்டை ஒட்டிய பெஞ்சில் மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஃபோன் வந்தது.

"அம்மா, பாஸாயிட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். நாங்க தொலைஞ்சுட்டோம்யா."

"எங்க?"

"கோயிலுக்குள்ள."

"இருந்த இடத்தை விட்டு அசையாதீங்க. நான் பிரண்டு காரை எடுத்துட்டு வாரேன்."

அசையவில்லை. ஐந்து மணிக்கு மறுபடி ஃபோன்.

"வந்துட்டேன்மா. வாசல்லதான் நிக்கேன்."

"உள்ள வாய்யா. நாங்க அசையக் கூடாதுல்லா."

"எப்படிம்மா வர? உள்ள வந்தா கோபுரம் மறைஞ்சிருமே."

அதுவும் வாஸ்தவம்தான். பிள்ளை இந்த ஊருக்குப் புதுசு, தொலைந்துபோனால் யார் தேடுவது? லில்லிபுஷ்பம் பெஞ்சை விட்டு அசையாமல் கையை எட்டி நீட்டி, வாசலில் நிற்கும் மகன் பத்திரமாக உள்ளே வந்து சேர இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.