நட்ட நடுவில் ஒரு பச்சைக் கோடு

“டீச்சர், என் படத்தில் முதல் கோட்டை எவனோ ஒருத்தன் ஏன் போடணும்?”

செருப்பைக் கழற்றும்போதே மதிவதனி சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

ஓவியம் சொல்லித்தரும் ரெஜினா டீச்சர் அவளைவிட வயதில் சின்னவர். மாணவியை ‘அக்கா’ என்பார். மாணவி அவரை ‘டீச்சர்’ என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டுமே!

“யார் போட்டது, அக்கா?”

“கேட்காதீங்க. வயிறு எரியுது.”

மறுபடி கேட்காமலே கொட்டினாள்.

கலைக்குழுக்களுக்கு நிதி திரட்டும் விழாக்களில், மேடையோரம் நின்று எல்லார் கண்முன்னும் அவள் படம் வரைவாள். முடிவில் படம் ஏலத்துக்குப் போகும். ஆனால் குத்துவிளக்கு ஏற்றுகிற மாதிரி, முதல் கோட்டைச் சிறப்பு விருந்தினர்தான் இழுக்க வேண்டும். ஊர் வழக்கமாம்! போன விழாவில் வந்த பெரிய மனிதர், நாட்டியப் பெண்ணின் முகம் வர வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை அடித்தார். கைதட்டலை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

“விழா முழுக்க அந்தப் பட்டையை மறைக்கத்தான் வரைஞ்சேன். மூட மூட எட்டிப் பார்த்துச்சு. ஏலத்துல ஒருத்தரும் வாயைத் திறக்கலை. கடைசியில அந்தப் படத்தை எங்கே வெச்சாங்க தெரியுமா? மைக்செட் பெட்டி மேல. சாரல் படாம இருக்க!”

டீச்சர் சிரிப்பை அடக்கினார். அடக்கியது தெரிந்தது.

“சிரிங்க, சிரிங்க. ஞாயித்துக்கிழமை நாடகக்குழுவோட ஒத்திகைக் கொட்டகைக்குக் கூரை போட விழா. இந்தத் தடவை பிரஷ்ஷைத் தரவே மாட்டேன். இதுவும் சொதப்பிச்சுன்னா, ஆள் முன்னாடி வரையறதையே விட்டுடுவேன்.”

“சரி, தராதீங்க.”

மதிவதனிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பஸ்ஸில் சேர்த்துக்கொண்டு வந்த நியாயமெல்லாம் வீண்.

“என்ன வரையப் போறீங்க?”

துணியை விலக்கிக் காட்டினாள். கேன்வாஸில் நாட்டியப் பெண், தலை முதல் கால் வரை, பென்சிலில் தயாராக இருந்தாள். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத அளவு மெல்லிய கோடுகள்.

“மேடையில நின்னு யோசிக்க முடியுமா, டீச்சர்? எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க.”

வெளியே மழை பிடித்தது. டீச்சர் எழுந்தார். அந்தக் கேன்வாஸைத் தூக்கி, கண்ணாடி உடைந்த ஜன்னலில் செருகினார்.

“டீச்சர்! என் படம்!”

“முடிஞ்ச படம்தானே, அக்கா. நனைஞ்சா என்ன?”

வேறொரு வெள்ளைக் கேன்வாஸை அவள் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேடையோரம் அந்த வெள்ளைக் கேன்வாஸ் நின்றது.

சிறப்பு விருந்தினர் எண்ணெய் மில் கோதண்டம். சரிகை வேட்டி, கழுத்து நிறைய மாலை. பிரஷ்ஷுக்குக் கையை நீட்டினார். மதிவதனி பிரஷ்ஷைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் வரிசையில் டீச்சர் முறுக்கைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கேம்மா போடட்டும்?” என்றார் கோதண்டம், மைக்குக்குக் கேட்காத குரலில்.

“ஓரமா போடுங்கண்ணே! படம் கெட்டுடப் போவுது!” என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

நீட்டிய கை நடுங்கியது.

மதிவதனி அந்தக் கையைப் பார்த்தாள். இத்தனை விழாக்களில், கோடு போட வந்த ஒரு கையையும் அவள் பார்த்ததில்லை. கோட்டைத்தான் பார்த்திருக்கிறாள்.

பிரஷ்ஷைப் பச்சையில் தோய்த்து அவரிடம் கொடுத்தாள்.

“நட்ட நடுவுல போடுங்க, ஐயா. பெரிசா.”

“கெட்டுடாதா?”

“அது என் பாடு.”

கோடு விழுந்தது. வளைந்து, தயங்கி, ஓரிடத்தில் சொட்டி, எப்படியோ முடிந்தது.

மதிவதனி அதன் மேல் ஒரு துளிகூட வண்ணம் வைக்கவில்லை. அதைச் சுற்றித்தான் வரைந்தாள். முதலில் ஒரு மணிக்கட்டு. பிறகு சரிகைக் கரை. பிறகு புடைத்த நரம்புகளோடு பெரிய கை ஒன்று, பிரஷ்ஷைப் பிடித்து நடுங்குகிற கை. அதிலிருந்து அந்தப் பச்சைக் கோடு, விழுந்தது விழுந்தபடி, கிளம்பிப் போனது.

முறுக்குச் சத்தம் நின்றது.

“என் கைடா!” என்றார் கோதண்டம். “என் கை!”

ஏலம் விடுபவர் வாய் திறக்குமுன் நாலா பக்கமும் கத்தினார்கள். கோதண்டம் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். அவரை மிஞ்சிக் கேட்டது நாடகக்குழு. ராணி வேஷம் கட்டும் முத்துக்கறுப்பன் இடுப்பில் கை வைத்து முழங்கினான்:

“கூரையே வேணாம்யா! நாங்க நனையறோம். படத்தைக் குடுங்க!”

கொட்டகைக்குக் கூரையும் கிடைத்தது, படமும் கிடைத்தது. கோதண்டமே வாங்கி, குழுவிடமே கொடுத்துவிட்டார். தினமும் வந்து பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு.

வாசலில் மதிவதனி டீச்சரைப் பிடித்தாள். முகமெல்லாம் பச்சை, முகமெல்லாம் சிரிப்பு. ஆனாலும் வாதம் விடுமா?

“டீச்சர், ஒரு சந்தேகம். அடுத்த விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வராம போயிட்டா? முதல் கோட்டை யார் போடறது?”

“கையை நீட்டுங்க, அக்கா.”

நீட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“அதை ஏன் மறைக்கிறீங்க?” என்றார் டீச்சர்.