வலி நோட்டு

இல்லைங்க, அது மருந்துப் பட்டியல் இல்லை. வலி நோட்டு. ஹார்ன்பி துரை தன் கையால எழுதினது.

இங்கிலாந்துல இருந்து வந்து, இந்த உப்பளக் கரையில இருபத்திரெண்டு வருஷம் வைத்தியம் பார்த்த டாக்டர். இங்கிலீஷ்ல ரெண்டு புஸ்தகம் அச்சுப் போட்டார். காய்ச்சல் பத்தி ஒண்ணு, பாம்புக்கடி பத்தி ஒண்ணு. ரெண்டையும் கரையான் படிச்சு முடிச்சிடுச்சு. இதை ஏனோ தொடலை.

எழுத்து கோணலா இருக்கேன்னு பார்க்காதீங்க. நாற்பது வயசுக்கு மேல தமிழ் கத்துக்கிட்டவர். நான் இந்த வார்டுல எடுபிடி, ராப்பள்ளிக்கூடத்துல படிச்சவன். இந்த எழுத்தைப் பார்த்துத்தான் எனக்கே எழுதத் தைரியம் வந்துச்சு.

துரை காலத்துல நான் இங்க இல்லை. ஆனா ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

தாமோதரன்னு ஒரு டாக்டர். மெட்ராஸ்ல தங்க மெடல் வாங்கினவர். துரைகிட்ட தொழில் கத்துக்க வந்தார். ஆறு மாசம் ஆச்சு. ஒருநாள் நேராப் போய் நின்னார்.

"சார், நீங்க எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லித் தரலை."

துரை மேஜையில இருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

தாமோதரன் புரட்டினார். குத்தல். குடைச்சல். கடுப்பு. உளைச்சல். சுண்டி இழுக்குது. பக்கத்துக்கு ஒரு வார்த்தை. கீழ, அதைச் சொன்ன ஆள் பேரு. கடைசியில அவருக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சதுங்கறது. அவ்வளவுதான்.

"சார், இது என் தாய்மொழி."

"நல்லது. அப்போ சீக்கிரம் முடிச்சிடுவீங்க."

அன்னைக்கு மத்தியானமே கொம்பையாவைக் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. உப்பளத்துல வேலை. வலது கால் பானை மாதிரி வீங்கி, பாதம் கறுத்துக் கிடந்தது. உடம்பு அனலா கொதிச்சது.

தாமோதரன் பார்த்தார்.

"கால் செத்துப் போச்சு. முட்டிக்கு மேல எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

கொம்பையா பொண்டாட்டி சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. ஒத்தைக் காலோட உப்பு வார யாரும் கூப்பிட மாட்டாங்க. வீட்டுல நாலு பிள்ளைங்க.

ரம்பம் அடுப்புல, கொதிதண்ணியில கிடந்தது. துரை வந்தார்.

"அவர் என்ன சொல்றார்?"

"வலிக்குதுங்கறார்."

"எப்படி?"

"வலின்னா வலிதான் சார். நேரம் போகுது."

துரை அடுப்பை அணைச்சார்.

"சார்!"

"கேட்டுட்டு வாங்க."

தாமோதரன் கோபத்தோட கட்டில் பக்கம் குனிஞ்சார். "யோவ், எப்படி வலிக்குது?"

"எடுத்துக் காட்டவா முடியும், டாக்டரய்யா?" அந்த நிலைமையிலயும் கொம்பையாவுக்கு வாய் குறையலை. "விண்ணு விண்ணுன்னு தெறிக்கு. நெஞ்சு அடிக்கிற அடியெல்லாம் குதிங்கால்ல கேக்கு."

தாமோதரன் குனிஞ்சவர் நிமிரலை.

ஈரத்துணியை எடுத்துப் பாதத்தைத் துடைச்சார். பாதிக் கறுப்பு துணியோட வந்துடுச்சு. யாரோ கட்டின பச்சிலைச் சாறு.

"சார்," மெதுவாத்தான் சொன்னார். "செத்த கால் தெறிக்காது."

துரை சின்னக் கத்தியை நீட்டினார்.

கீறினதும் சீழ் பீச்சி அடிச்சது. தாமோதரன் சட்டை, துரை மூக்குக்கண்ணாடி, ஒண்ணும் தப்பலை. கடைசியில வந்தது சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு உடைமரத்து முள்ளு.

துரை அதை இடுக்கியில தூக்கிப் பிடிச்சு, கட்டில் கட்டிலா கொண்டுபோய்க் காட்டினாராம். கண்ணாடியைக்கூட துடைக்கலை.

பன்னெண்டாம் நாள் கொம்பையா ரெண்டு காலால வாசலுக்கு நடந்தார். வார்டே எழுந்து வந்து நின்னுச்சு. எழுந்திரிக்கவே கூடாதுன்னு துரை சொல்லியிருந்த மூணு நோயாளிங்களும் சேர்த்துத்தான்.

தாமோதரன் கேட்டார். "இப்போ எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

கொம்பையா யோசிச்சார். வலது காலால தரையில ஓங்கி ஒரு மிதி மிதிச்சார்.

"சும்மா இருக்கு, டாக்டரய்யா."

கடைசியா எழுதியிருக்கிற பக்கத்தைப் பாருங்க. 'சும்மா.' கீழ, கொம்பையா பேரு. அது துரை எழுத்து இல்லை. வட்ட வட்டமா, அழகா இருக்கு பாருங்க, அது யாரு எழு...

"அண்ணாச்சி! புது ஆள் வந்திருக்காரு. வயிறு வலிக்குதாம்!"

எப்படி வலிக்குதாம், சிஸ்டர்?

"அதெல்லாம் யாரு கேட்டா? சீக்கிரம் வாங்க!"

நோட்டை இப்படிக் குடுங்க. இன்னும் வெறும் பக்கம் கிடக்கு.

இதோ வந்துட்டேன், சிஸ்டர்.