ஒற்றைக் கொம்பனும் நான்கு நட்டுகளும்

தெய்வானை அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தபோது மருதாசலத்துக்கு அறுபது வயது. அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. மருதாசலம் அதுவரை லாரி ஓட்டியவர். அம்மாவின் ஆசிரமத்துப் பழைய ஜீப்பையும் அவர்தான் ஓட்டினார்.

ஒருநாள் தாளவாடியில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் காட்டுவழியே திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம்தான். ஆனாலும் மேகம் மரங்கள் வரைக்கும் இறங்கி வெளிச்சம் மங்கிக் கிடந்தது.

சோதனைச் சாவடியில் வனக்காவலர் கை காட்டி நிறுத்தினார்.

"ஒத்தைக் கொம்பன் யானை ஒண்ணு சுத்துதுங்க. காலையில ஒரு பைக்கை மிதிச்சுச் சப்பட்டையாக்கிருச்சு. ஆளு பொழச்சதே பெருசு. நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க."

மருதாசலம் தலையாட்டினார்.

இறக்கத்தில் ஒரு வளைவு. சாலையில் பாதி பெயர்ந்து கிடந்த கல்லில் ஏறி முன்சக்கரம் வெடித்தது. ஜீப் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஒரு புறம் பள்ளம். மறுபுறம் மூங்கில் காடு.

மருதாசலம் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு எஞ்சினை அணைத்தார். சாலை ஓரத்தில் யானைச் சாணம் கிடந்தது. அதிலிருந்து இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, இப்படியே உருட்டிக்கிட்டுப் போயிரலாமுங்களா?"

"போகுமா?"

"அடுத்த வளைவுல திருப்ப முடியாதுங்க. பள்ளத்துல கொண்டுபோய் விட்டுரும்."

"அப்ப மாத்துங்க."

மருதாசலம் பின்பக்கம் ஓடினார். அங்கே இரண்டு சாக்குகள் நிறையச் சாமான்கள் இருந்தன. வழியில் என்னவெல்லாம் ஆகலாம் என்று நினைத்து நினைத்துச் சேர்த்தவை. சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். முதலில் அரிவாளை எடுத்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டாசுக் கட்டை எடுத்தார். பிறகு கடப்பாரை.

அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பழுது?"

"டயருங்க."

"அரிவாள் எதுக்கு?"

"அது வந்துருச்சுன்னா..."

"வந்தா அரிவாளை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

மருதாசலம் கக்கத்து அரிவாளைக் குனிந்து பார்த்தார்.

"யானைக்குன்னு எடுத்ததையெல்லாம் உள்ளே வெச்சுருங்க. சக்கரத்துக்கு வேணுங்கறதை மட்டும் எடுங்க."

ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்தார். ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்தார். பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க அம்மா இரண்டு கற்களைத் தூக்கி வந்தார். தூரத்தில் எங்கோ மூங்கில் முறியும் சத்தம் கேட்டது.

மருதாசலம் அவசரமாக ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கிவிட்டார். பிறகு நட்டைத் திருகினார். நட்டு கழலவில்லை. சக்கரம்தான் சுற்றியது. வண்டியைத் தூக்குமுன் நட்டைத் தளர்த்த வேண்டும் என்பது லாரிக்குக் கிளீனராகச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் கற்றுக்கொண்டது.

"எனக்கு இதுகூட மறந்துபோச்சுங்களே" என்றார்.

"இறக்குங்க. மறுபடி தூக்கிக்கலாம்."

இறக்கினார். ஐந்து நட்டுகளையும் தளர்த்தினார். மறுபடி தூக்கினார். அம்மா சாலையிலேயே, அவருக்கும் காட்டுக்கும் நடுவில், சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா அங்க உட்கார்றீங்க?"

"நிக்க முடியல. காலு நடுங்குது."

மருதாசலம் திரும்பி அவரைப் பார்த்தார். அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் வெளிறியிருந்தது.

பழைய சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி இரண்டு நட்டுகளைப் போட்டிருப்பார். மூங்கில் விலகியது. கொம்பன் சாலைக்கு வந்தது.

கூப்பிடு தூரம்கூட இல்லை. அதன் மூச்சு கேட்டது. காதுகளை விரித்து அப்படியே நின்றது.

"ஓடிரலாமுங்க" என்று மருதாசலம் முணுமுணுத்தார்.

"எங்கே?"

பள்ளத்தைப் பார்த்தார். பிறகு காட்டைப் பார்த்தார்.

"எத்தனை நட்டு போட்டாச்சு?" அம்மா திரும்பாமலே கேட்டார்.

"ரெண்டு."

"மூணாவதைப் போடுங்க."

மூன்றாவதைப் போட்டார். நான்காவது நட்டு கையிலிருந்து நழுவி, இறக்கத்தில் உருண்டு, யானைக்கும் அம்மாவுக்கும் இடையில் போய் நின்றது. மருதாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது போகட்டும். மிச்சம் இருக்கறதை எடுங்க."

அப்போது யானை பிளிறிக்கொண்டு பாய்ந்து வந்தது. நாலு எட்டுதான். சட்டென்று நின்றது. சாலை மண் பறந்து அம்மாவின் மடியில் விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மருதாசலத்துக்கு வேட்டி நனைந்தது. ஆனாலும் விரல்கள் கடைசி நட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தன. யானையை ஏறிட்டுப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை.

யானை வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பி, ஒரு மூங்கிலைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு வந்த வழியே உள்ளே போனது.

ஜாக்கியை இறக்கி, நட்டுகளை முடுக்கி, வண்டியைக் கிளப்பினார்கள். காடு முடிந்து ஊர் விளக்குகள் தெரிந்தன.

ஒரு டீக்கடை வாசலில் மருதாசலம் வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார்.

"அம்மா, இந்தப் பயத்தைத் தொலைக்கத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க சொன்ன மாதிரியெல்லாம் தியானத்துல உட்கார்ந்து பார்த்தேன். அதுல ஒண்ணும் இன்னிக்குத் துணைக்கு வரலீங்க. முதல்லயிருந்து கடைசிவரைக்கும் கை நடுங்கிட்டேதான் இருந்துச்சு."

"நட்டு இறுகியிருக்குதான்னு பாருங்க."

"இப்பவுங்களா?"

"இப்பத்தான்."

இறங்கிப் போய் ஸ்பேனரை மாட்டினார். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். நான்கில் ஒன்றுகூட அசையவில்லை.

"இறுகித்தான் இருக்குதுங்க."

அம்மா ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கை முடுக்குச்சு, நடுங்காத கையா?"